கைக்குத் தைத்த தொட்டில்

தெருமுனைத் தையல்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று உண்டு. அது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாருக்கும் அவர் அரை இஞ்சு. அளவெடுக்க யார் வந்து நின்றாலும், டேப்பை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அரை இஞ்சு உள்ளே விட்டுத் தைக்கிறேன். நாளைக்கு உடம்பு வெச்சா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். காற்றடித்தால் பறந்துவிடுகிற ஆளாக இருந்தாலும் அதே அரை இஞ்சுதான். "நான் எங்கே சார் உடம்பு வைக்கப்போறேன்?" என்று கேட்டால், "வெப்பீங்க, வெப்பீங்க" என்று ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி சொல்லுவார். பத்து வருஷம் கழித்து அந்த ஆளே தொப்பையோடு அதே கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அசடு வழிய நின்றதும் நடந்திருக்கிறது.

கடை கீழே, வீடு மேலே. நடுவில் பதினொரு படி. கடையில் துணி வெட்டுவதும் மிஷின் மிதிப்பதும் அவர். கைவேலை முழுக்க அவர் மனைவி. சட்டையில் பட்டன் நுழைகிற துளை இருக்கிறதே, அதன் விளிம்பைச் சுற்றி நூலை நெருக்கி நெருக்கிக் கட்டுவதற்குக் காஜா எடுப்பது என்று பெயர். அதை மிஷினிலேயே அடித்துக் கொடுக்கிற கடைகள் அதே தெருவில் இரண்டு உண்டு. ஆனாலும் கோட்டு தைக்கிறவர்களும் நல்லதாக ஒரு சட்டை போட ஆசைப்படுகிறவர்களும் இங்கேதான் வருவார்கள், அவள் கைக்காக.

அந்தக் கை இடது கை. ஐந்து பெண்கள் பிறந்த வீட்டில் அவள் நாலாவது. ஐந்து பேரில் இவள் ஒருத்திக்குத்தான் இடதுகைப் பழக்கம். அவள் அப்பாவுக்குக் கடைசித் தம்பி ஒருவர் இருந்தார், சுவரில் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர், ஏணியிலிருந்து விழுந்தும் சாகாமல் எண்பது வயது வரைக்கும் இருந்தவர். அவருக்கும் இடது கைதான். சித்தப்பாவின் கை இவளுக்கு வந்துவிட்டது என்று அந்த வீட்டில் பேசிக்கொள்வார்கள். இடதுகைக்காரி போடுகிற தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். கல்யாணமான புதிதில் அதற்காக அரை இஞ்சு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம், தெருவில் போகிற நூறு சட்டையில் நம் கடைச் சட்டை எது என்று அந்தச் சாய்வை வைத்தே சொல்லலாம் என்று தெரிந்ததும் அதுவே பெருமையாகிவிட்டது.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். வெள்ளைச் சட்டை ஒன்று அவள் மடியில் கிடந்தது.

"என்னங்க, நூலு ரெண்டு ரெண்டா தெரியுது."

அவர் மிஷினிலிருந்து திரும்பவில்லை. "கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கோ."

கண்ணாடியைத் துடைக்கிற சத்தமும் வரவில்லை, பதில் பேச்சும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஊசி துணியில் குத்தியபடி நிற்கிறது. இடது கை மட்டும் மடியிலிருந்து சரிந்து, நாற்காலிக்கு வெளியே தொங்குகிறது. வாய் ஒரு பக்கமாகப் போய்விட்டது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள் என்று சொன்ன அந்த ஒரு சொல் அவரை அதற்கப்புறம் படுத்திய பாடு கொஞ்சமில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷம் முன்னால் தெரிந்திருக்கும். ஒரு நிமிஷத்தில் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டரே சொன்னார். அவர் காதில் அது ஏறவில்லை.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்று சைக்கிள் டியூப் மாதிரி ஓரிடத்தில் புடைத்து வெடித்திருக்கிறது, மண்டையைத் திறந்து அங்கே கிளிப் போடவேண்டும் என்றார்கள். துணி உலர்த்துகிற கிளிப் ஒன்றுதான் அரை இஞ்சுக்குத் தெரியும். "கிளிப்பா?" என்று மட்டும் கேட்டார். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு நேர் மூத்த அக்கா பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டாள். லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டவள், ஐந்து பேரிலும் வாய் நீளமானவள் அவள்தான். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"தம்பி, கழுத்துல டேப்பு கெடக்குது பாருங்க."

கடையிலிருந்து ஓடிவந்த வேகத்தில் அதைக் கழற்றவில்லை. எடுத்தார். சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். கொஞ்ச நேரத்தில் அவரை அறியாமலே உட்கார்ந்திருந்த பெஞ்சை அளந்துகொண்டிருந்தார்.

"பெஞ்சுக்கும் அரை இஞ்சு விட்டுத் தைக்கப்போறீங்களா?" என்றாள் அக்கா.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் டேப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

டாக்டர் வெளியே வந்து, உயிருக்குப் பயமில்லை என்றார். இடது காலும் இடது கையும் எவ்வளவு தூரம் திரும்பும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

"கால் வரலைன்னாலும் பரவாயில்லைங்க. நான் தூக்கிக்குவேன். கை வந்துடுமா?" என்று கேட்டார் அரை இஞ்சு. காலை விட்டுவிட்டுக் கையைக் கேட்கிற மனுஷனை டாக்டர் அதுவரைக்கும் பார்த்ததில்லை போலிருக்கிறது. "பார்க்கலாம்" என்றார்.

மூன்றாம் நாள் கண் திறந்தாள். அவரைப் பார்த்தாள். உதடு பிசிறியபடி முதலில் சொன்ன வார்த்தை, "காலர் மடங்கியிருக்கு." அவர் காலரைச் சரிபண்ணவில்லை. அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, மடங்கின காலரோடு, வார்டு முழுக்கப் பார்க்க அழுதார்.

பேச்சு சீக்கிரம் தெளிந்துவிட்டது. பேச்சு வந்ததும் கேள்வியும் வந்துவிட்டது.

"தலையில எத்தனை தையல்?"

"இருபத்தி மூணு."

"கைத் தையலா, மிஷினா?"

"கைதான்."

"நெருக்கமா போட்டிருக்காரா?"

கட்டுப் பிரிக்கிற நேரத்தில் குனிந்து நிதானமாகப் பார்த்தார். "உன் அளவுக்கு வராது. ஆனா குத்தம் சொல்லமுடியாது." பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அடியில் நாலு குட்டிக் கால் வைத்த கைத்தடியை ஊன்றி அறையைச் சுற்றி வந்தாள். கைதான் ஈரத்துணி மாதிரி எங்கே வைத்தால் அங்கே கிடந்தது. ஆஸ்பத்திரியில் கிளம்பும்போது ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் லேசாக அசைந்தன. பயிற்சி கொடுக்கிற பெண், எல்லாரும் பிசியோ என்று கூப்பிடுகிறவள், அதைக் காட்டி, "இந்த ரெண்டு விரலை விட்டுடாதீங்கம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

இதற்கு அப்புறம் அரை இஞ்சு செய்ததை ஒரு தையல்காரர்தான் செய்வார், வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு அவளுடைய துணிகளை எல்லாம் கீழே எடுத்துப் போனார். ஒற்றைக் கையால் பட்டன் போட முடியாதே என்று, மேல்சட்டை எட்டிலும் பட்டனைப் பிடுங்கிவிட்டு, கர்ரென்று பிரிந்து தொட்டவுடன் ஒட்டிக்கொள்கிற வெல்க்ரோ பட்டையை வைத்துத் தைத்தார். நாடா கட்டுகிற இடமெல்லாம் எலாஸ்டிக் ஆனது. கடைசியாக ஒரு காரியம் செய்தார். தொங்குகிற கை தோளை இழுக்கிறது, வலிக்கிறது என்று அவள் சொன்னாள் அல்லவா, அதற்காக ஒவ்வொரு சட்டையிலும் வயிற்றுக்கு மேலே சாய்வாக ஒரு பை வைத்தார். உள்ளே மெத்தென்று ஃபிளானல் துணி. முழங்கை எந்தச் சரிவில் மடங்குகிறது என்று அவள் கண்ணயர்ந்திருக்கும்போது அளவெடுத்து, மூன்று தடவை வெட்டி, மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தியாக வந்தது. கையை எடுத்து அதற்குள் வைத்தால் குழந்தை தூங்குகிற மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும்.

"கங்காரு கெட்டது போங்க" என்று அவள் சிரித்தாள். அவளுக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் புருஷன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் குளிப்பாட்டினார், ஊட்டினார், பாதித் தலையில் முளைத்திருந்த முள்ளு முடியையும் சீவிவிட்டார். அவள் தண்ணீர்ப் பக்கம் கண்ணைத் திருப்பினால் போதும், டம்ளர் வாயருகே வந்து நிற்கும்.

"தம்பி, அவளுக்கு மூக்கு அரிச்சா அதையும் நீங்களே சொறிஞ்சுவிட்டுடுவீங்க போல" என்றாள் கூடவே வந்து தங்கியிருந்த அக்கா.

"எந்தப் பக்கம்னு சொன்னா சொறியலாம்க்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பயிற்சி அறையில் பெரிய கண்ணாடி, பிடித்து நடக்கக் கம்பிகள், ஒரு மேஜை நிறைய முளைக்குச்சியும் மணியும் கிண்ணமும். பிசியோ அவள் சட்டையில் வைத்த பையிலிருந்து அந்தக் கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டு உள்பக்கம் வளைந்து இறுகிக்கிடந்தது. தோளைத் தூக்கினால் பாதியிலேயே அவள் "ஆ" என்று கத்திவிட்டாள். விரலை அசைக்கச் சொன்னாள் பிசியோ. அவள் முகம் சிவக்க முயன்றாள். ஒன்றும் அசையவில்லை.

"இந்தக் கைக்குத் தொட்டில் கட்டினது யாரு?"

"நான்தாங்க டாக்டரம்மா" என்று அரை இஞ்சு முன்னால் வந்தார். "மூணு தடவை வெட்டி..."

"ரொம்ப அழகா தெச்சிருக்கீங்க ஐயா. இன்னிக்கே பிரிச்சுடுங்க."

அவருக்குப் புரியவில்லை. அந்தப் பெண் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். வேலை இல்லாத கையை மூளை மறந்துவிடும். வேலை கொடுக்கக் கொடுக்கத்தான் பழைய வழி அடைபட்டாலும் புது வழி தேடும். அதிகமாகத் திரும்புவது முதல் ஆறு மாசத்தில். அதில் ரெண்டரை மாசம் போய்விட்டது. "அப்புறம் வராதுன்னு இல்லைங்கய்யா. ஆனா ஒவ்வொரு விரலுக்கும் மல்லுக்கட்டணும். கொஞ்சம் அசைவு திரும்பினதும் நல்ல கையைத் தினம் மூணு மணி நேரம் கட்டிப்போடணும். அப்பதான் இந்தக் கை வேற வழியில்லாம எந்திரிக்கும். நீங்கதான் டெய்லராச்சே, வலது கைக்கு ஒரு உறை தெச்சுடுங்க. விரல் வெளியே வரக்கூடாது."

வீட்டுக்கு வந்து எட்டுச் சட்டையையும் மடியில் போட்டுக்கொண்டு பிரித்தார். பைகளைப் பிரித்தார், பட்டைகளைப் பிரித்தார், பிடுங்கின பட்டன்களைத் தேடிப்பிடித்து மறுபடி வைத்தார். தான் பார்த்துப் பார்த்துத் தைத்ததே அவள் விரலைக் கொன்றுவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

"ஏன் இப்படி மூஞ்சியை வெச்சிருக்கீங்க? வெஷமா வெச்சுத் தெச்சீங்க? எனக்கும்தான் சொகமா இருந்துச்சு" என்றாள் அவள்.

மூன்று வாரம் இரண்டு பேரும் அந்தக் கையோடு போராடினார்கள். நீவிவிடுவார், நீட்டிவிடுவார், அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரு நாள் காலை கட்டை விரல் துடித்தது. மறுநாள் ஆள்காட்டி விரல். உறை தைக்கிற நேரம் வந்தது.

கெட்டித் துணியில், விரல் பிரியாத பை மாதிரி, மணிக்கட்டில் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தார். உடம்புக்கு இடைஞ்சல் இல்லாமல் தைப்பதற்கே பழகின கை, முதன்முதலாக இடைஞ்சலுக்கென்றே ஒன்றைத் தைத்தது. அதை மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தார். இடது கையால் அவள் ஸ்பூனைப் பிடிக்கப் போனாள். பிடி நழுவியது. சாப்பாடு மடியெல்லாம் கொட்டியது. டம்ளர் உருண்டது. நாலாவது தடவை அவள் கண்ணில் நீர் முட்டியது. கொஞ்ச நேரத்தில், பார்த்தால், வலது கை எப்படியோ உறையிலிருந்து நழுவி வெளியே வந்து ஸ்பூனைப் பிடித்திருக்கிறது. அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நாளும் இதே கதை.

மூன்றாம் நாள் அவள் உறையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டேப்பை எடுத்து என் மணிக்கட்டை அள."

"ஆறு இஞ்சு" என்றாள் அக்கா.

"இப்ப இந்த உறையோட வாயை அள."

"ஆறரை."

அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "முப்பது வருஷமா பாக்கறேன். ஒரு நூல் தப்பா வெட்டினதில்லை நீங்க. இதுல எதுக்கு அரை இஞ்சு? என் மணிக்கட்டு என்ன, உடம்பு வெக்கப்போகுதா?"

அவர் தரையைப் பார்த்தார். "நீ அழுதா எனக்குப் பாக்க முடியலம்மா."

"பாக்க முடியலைன்னா கடைக்குப் போங்க."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"எனக்கு என் கை வேணும்ங்க." உறையை அவர் பக்கம் தள்ளினாள். "உங்களுக்கு நான் அழாம இருக்கணும். எனக்கு என் கை வேணும். ரெண்டும் ஒண்ணா நடக்காது."

அக்கா டேப்பை மெதுவாகச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

கீழே போய் உறையைப் பிரித்து, ஆறு இஞ்சுக்குச் சரியாகத் தைத்துக்கொண்டு வந்தார். அவரே மாட்டினார், அவரே நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். அதற்கப்புறம் அங்கே நிற்கவில்லை.

அன்றிலிருந்து தினம் காலை மூன்று மணி நேரம் அவருக்கு மேலேயிருந்துதான் சேதி. டம்ளர் விழுகிற சத்தம் கேட்டால் மிஷினை வேகமாக மிதிப்பார். அழுகைச் சத்தம் மாதிரி எதுவும் கேட்டால் இன்னும் வேகம். அந்த நாட்களில் தைத்த துணியில் தையல் எல்லாம் ரயில் ஓடின மாதிரி இருந்தது.

"மேலே என்ன சார் சத்தம்?" என்று துணி கொடுக்க வந்த ஒருவர் கேட்டார்.

"என் வீட்டுக்காரம்மா வேலை செய்யறாங்க."

விழுகிற சத்தம் குறைய மாசங்கள் ஆயின. துணிக் கிளிப்பை அமுக்கிக் கயிற்றில் மாட்ட வந்தது. மணியை எடுத்துக் கிண்ணத்தில் போட வந்தது. கோட்டுப் பட்டன் மாதிரி பெரிய பட்டன் முதலில், சட்டைப் பட்டன் அப்புறம். மேல்சட்டையை அவளே போட்டுக்கொள்ள ஒரு நாளைக்கு அரைமணி நேரம் பிடித்தது, அதுவரைக்கும் அவர் படியில் உட்கார்ந்திருந்தார். ஆறு மாசம் முடிந்தபோது பிசியோ கையைப் பார்த்து, முழுசாக இல்லை, ஆனால் கை உயிரோடு இருக்கிறது, நிறுத்திவிடாதீர்கள் என்றாள். தன் வேலையைத் திரும்பச் செய்ய முடியுமா என்று அவள் கேட்டாள். அதை இப்போது சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண்.

எட்டாம் மாசம் ஒரு நாள் பதினொரு படியும் அவளே இறங்கிக் கடைக்கு வந்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார், கருநீலம். அன்று சாயங்காலம் வாங்க வருகிறேன் என்றிருந்தார்.

"அடிக்காஜா ஒண்ணை மட்டும் குடுங்க. கால்சட்டைக்குள்ளே போயிடற எடம்தானே" என்றாள்.

மற்றதை எல்லாம் அவரே தட்டுத்தடுமாறி எடுத்திருந்தார். கொடுத்தார். முன்பு பத்து நிமிஷத்தில் முடிகிற ஒரு காஜா, அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தாண்டியும் நடந்தது. ஊசி எட்டுத் தடவை கீழே விழுந்தது. எட்டுத் தடவையும் அவளேதான் குனிந்தாள். அவர் மிஷினைவிட்டு எழுந்திருக்காமல் இருப்பதற்காகக் காலைப் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தபோது அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

வாத்தியார் வந்தார். அவள் உடம்பு விஷயம் தெரிந்தவர். அடிக்காஜா அவள் போட்டது என்று அரை இஞ்சு சொன்னதும், சட்டையை வாங்கி அடிப்பக்கத்தைத் தேடிப் பார்த்தார். முகத்தில் ஒரு நொடி என்னமோ ஓடியது. அப்புறம் சிரித்தார்.

"அடடா, பிரமாதமா இருக்கு அக்கா. முன்னைவிட நல்லா வந்திருக்கு. உங்க கையால போட்டதே எனக்குப் போதும்."

அவள் தலையைக் குனிந்து மடியிலிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டாள். அரை இஞ்சு அந்த முகத்தைப் பார்த்தார். அவர் நாக்கு நுனியிலும் அதே வார்த்தைதான் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "குடுங்க சார்" என்று சட்டையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"ஐயோ, இருக்கட்டும் சார், இதுவே..."

"இப்படி வெளியே விட்டா கடைக்குக் கேவலம் சார்."

வாத்தியார் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இப்படியும் ஒரு மனுஷனா என்கிற மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். "ரெண்டு எடத்துல நூல் தாவியிருக்கு. முனையில வாய் பொளந்து கெடக்கு. பிரிச்சுட்டு மறுபடி போடு."

அவள் நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து யாரும் அவள் வேலையில் குற்றம் சொல்லவில்லை. சொல்ல வேலையே இல்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் கோணாமல் நேராகச் சிரித்தது.

"சாயறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

"அது எப்பவும் சாயறதுதான். தாவினதைச் சொன்னேன்."

"அந்த வாத்தியார் உங்களை அரக்கன்னு நெனைச்சுட்டுப் போறாரு."

"நெனைக்கட்டும்."

"தையல் பிரிக்கிற ஊசி எங்கே?"

அது வெட்டுகிற மேஜையில், அவளுக்கு இடப்பக்கம், ஒரு கை எட்டுகிற தூரத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுக்கக் கிளம்பின கையை அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேஜை மேலதான் இருக்கு."

அவள் இடது கையை நீட்டினாள். விரல்கள் மரப்பலகையில் தடவிக்கொண்டே போயின, ஊசியைத் தாண்டிப்போயின, திரும்பி வந்தன, ஒரு தடவை விட்டு மறு தடவை பிடித்தன. சட்டையை முழங்கால் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் நூலை நெம்பினாள். அது வரவில்லை. முகத்தைச் சுளித்து அண்ணாந்து பார்த்தாள்.

"வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. தள்ளுங்க."

அவர் தள்ளி நின்றார்.